தூக்குமுன் ஒரு நொடி!

எங்கள் குருபரப்பள்ளி வட்டாரத்தில் மனிதர்கள் முதுகில் அடிபட்டுக் கிடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று சாலை, மற்றொன்று மரத்தடி.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. மேலுமலைச் சரிவில் இறங்கிவரும் லாரிகளும், தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகளும், இரவுப் பணி முடிந்து தூக்கக் கண்களோடு இருசக்கர வண்டியில் திரும்பும் இளைஞர்களும் ஓயாது ஓடும் சாலை அது. சாலையை விட்டு உள்ளே திரும்பினாலோ மாந்தோப்புகள். மாசி பங்குனியில் புளி உலுக்குவார்கள்; சித்திரை வைகாசியில் மாங்காய் பறிப்பார்கள். மரத்தில் ஏறியவர் எல்லாரும் மரத்திலிருந்து இறங்கி வருவதில்லை. சிலர் விழுந்து விடுகிறார்கள்.

அடிபட்டவரைக் கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? தூக்குகிறோம். கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் எனப் பிடித்து, கிடைத்த வண்டியில் கிடத்தி, பறக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு சில வேளைகளில் என்ன செய்துவிடுகிறது என்பதைப் பற்றியும், மருத்துவமனை வாயிலுக்குள் போன பிறகு நடக்க வேண்டியது என்ன என்பதைப் பற்றியும் மாணவ நண்பர்களோடும் மதிப்பிற்குரிய பேராசிரியர்களோடும் சிறிது பேச விரும்புகிறேன்.

நான் பிடித்த கால்கள்

இதைப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்களானால், நான் மருத்துவ மாணவன் அல்லன், விலங்கியல் படிப்பவன். தவறு செய்தவன் என்பதே எனக்குள்ள தகுதி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசிக் காலையில் என் சித்தப்பா மாமரக் கிளை முறிந்து விழுந்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது நினைவோடுதான் இருந்தார். “கால் மரத்துப்போன மாதிரி இருக்குதுடா” என்றார். அவருடைய வலது காலின் பெருவிரல் அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒருவர் தண்ணீர் புகட்டினார். ஒருவர் முதுகைத் தாங்கி உட்கார வைத்துப் பார்த்தார். “தூக்குங்கடா, வண்டியில போடுங்கடா” என்று யாரோ கத்தினார்கள். அக்குளில் கைகொடுத்து ஒருவர் தூக்க, இரண்டு கால்களையும் நான் பிடித்துக்கொண்டேன். தூளிபோல் அவர் உடம்பு நடுவில் தொங்கியது. மாங்காய்ப் பெட்டி ஏற்றும் ‘குட்டியானை’ வண்டியில் கிடத்தினோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதலில் போன இடத்தில் பார்த்துவிட்டு, வேறிடம் கொண்டுபோகச் சொன்னார்கள். அடுத்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்குப்பின் உறவினர் கூடி, “பெங்களூரா, சேலமா” என்று பேசியதிலேயே பாதி இரவு போயிற்று. எல்லையோரத்தில் வாழும் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பழகிப்போன விவாதம் இது! அறுவை சிகிச்சை நடந்தது மூன்றாம் நாள். இன்று சித்தப்பா சக்கர நாற்காலியில் அமர்ந்து, தோப்பு வாசலில் பெட்டிகளை எண்ணிக் கணக்கு எழுதுகிறார். எவரையும் அவர் குறை கூறியதில்லை.

நான்தான் பொறுக்கமாட்டாமல் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டேன்: “நாங்கள் தூக்கியதால்தான் இப்படி ஆயிற்றா?” அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “சொல்ல முடியாது தம்பி. விழுந்தபோது கெட்டது எவ்வளவு, தூக்கியபோது கெட்டது எவ்வளவு, அப்புறம் உள்ளே வீங்கிக் கெட்டது எவ்வளவு என்று இப்போது பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.”

இந்த மூன்று பங்குகளைப் பற்றித்தான் அன்றுமுதல் படித்து வருகிறேன். முதற்பங்கை வேண்டுமானால் விதி என்று சொல்லுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் மனிதர் கையில் உள்ளவை. அவற்றையும் விதியின் கணக்கில் எழுதிவிட்டு நாம் கைகழுவுவது நேர்மையாகாது என்பதே என் கருத்து.

மோதிரமும் விரலும்

அந்த ஆண்டு விலங்கியல் தேர்வில் தண்டுவடத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் படத்திற்கும் நான் பிடித்த கால்களுக்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. நம் கல்வி எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தண்டுவடம் என்பது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள மென்மையான நரம்புத் திரள். மூளையிலிருந்து கிளம்பி, முள்ளெலும்புகளின் நடுவிலுள்ள கால்வாய் வழியே இறங்கி, இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பை ஒட்டி முடிகிறது. அதைச் சுற்றி ‘டியூரா’ என்னும் தடித்த உறை. உறைக்கு வெளியே எலும்புச் சுவர். பாதுகாப்புக்காக இயற்கை அமைத்த இவ்விரண்டு வேலிகளுமே, அடிபட்ட பின் பகையாக மாறிவிடுகின்றன.

எப்படி? மோதிரம் போட்ட விரலைத் தேள் கொட்டிவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் மோதிரத்தைக் கழற்றச் சொல்வார்கள். விரல் வீங்கும், மோதிரம் வீங்காது. நேற்றுவரை அணியாக இருந்தது இன்று இறுக்கும் கயிறாகிவிடும்; இரத்த ஓட்டம் நின்று விரலே கருத்துப் போகலாம். தண்டுவடத்தின் கதையும் இதுதான். அடிபட்ட இடம் மணிக்கு மணி வீங்குகிறது. விலகிய எலும்பும் கசிந்த இரத்தமும் நெருக்குகின்றன. சுற்றிலும் விரிந்து கொடுக்காத சுவர். உள்ளழுத்தம் ஏறுகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. விழுந்தபோது தப்பிப் பிழைத்த நரம்பணுக்களும் உணவின்றி, உயிர்வளியின்றி மடிகின்றன. காலையில் அசைந்த பெருவிரல் மாலையில் அசையாமற் போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆகவே தண்டுவடக் காயம் ஒரு நொடியில் நடந்து முடியும் நிகழ்ச்சி அன்று. நாட்கணக்கில் தொடர்ந்து நடப்பது அது. நடந்துகொண்டிருப்பதைத் தடுக்கலாம் அல்லவா?

கைவிட்டவர்களும் அளந்தவர்களும்

மனித இனம் இந்தக் காயத்தை நெடுங்காலம் கைவிட்டே வந்திருக்கிறது. பண்டைய எகிப்திய மருத்துவ ஏடான எட்வின் ஸ்மித் பாப்பிரஸ், கழுத்தெலும்பு விலகிக் கைகால் உணர்விழந்தவனைச் சிகிச்சை செய்யத் தகாத நோயாளி என்று ஒதுக்கியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தீர்ப்பு மாறாமல் நின்றது எனலாம்.

1911ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் ரெஜினால்ட் ஆலன், நாய்களின் தண்டுவடத்தில் எடைக்கற்களை விழச் செய்து ஆராய்ந்தார். அடிபட்ட இடத்தைச் சில மணி நேரத்திற்குள் கீறி, தேங்கிய இரத்தத்தையும் நீரையும் வெளியேற்றினால் விலங்குகள் ஓரளவு தேறியதைக் கண்டார். அடிக்குப் பின்னும் கேடு தொடர்கிறது என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

மண்டையோட்டின் உள்ளழுத்தத்தைத் தொடர்ந்து அளக்கும் முறையை 1960இல் சுவீடன் நாட்டு மருத்துவர் நில்ஸ் லுண்ட்பெர்க் விரிவாக எழுதி வெளியிட்டார். உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது நுழைந்தது. ஆனால் மூளையின் தொடர்ச்சியேயான தண்டுவடத்திற்கு அதே அக்கறை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று! லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மேரியோஸ் பாப்படோபூலஸ், சமீரா சாதூன் ஆகியோரின் குழுவினர், எலும்பைப் பொருத்தும் அறுவையின்போதே மெல்லிய அழுத்த உணர்கருவி ஒன்றை டியூரா உறைக்குள், காயம்பட்ட இடத்தில் வைத்து, நாட்கணக்கில் அளந்தார்கள். அதன் முடிவுகள் 2013, 2014ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

அவர்கள் கண்டது சிந்திக்கத் தக்கது. எலும்பை அகற்றிவிட்டால் நெருக்கடி தீர்ந்தது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். கருவியோ, பலருக்கு எலும்பை அகற்றிய பின்னும் உள்ளே அழுத்தம் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. வெளி மோதிரத்தைக் கழற்றியாயிற்று. டியூரா என்னும் உள் மோதிரம் இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறது! அந்த உறையையும் பிளந்து, ஒட்டுத்துணி வைத்துச் சட்டையை அகலப்படுத்துவதுபோல் ஒட்டுப்போட்டு விரிவாக்கும் முறை இன்று ஆய்வில் உள்ளது. அது இன்னும் எல்லார்க்கும் உரிய வழக்கமான சிகிச்சை ஆகிவிடவில்லை.

வெளி நெருக்கத்தை விரைந்து நீக்குவதன் பயனுக்குச் சான்று உண்டு. கழுத்துத் தண்டுவடக் காயமுற்ற 313 பேரைப் பற்றி 2012இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், 24 மணி நேரத்திற்குள் அறுவை செய்யப்பட்டவர்களுள் 19.8 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் இரண்டு படிநிலையோ அதற்கு மேலோ முன்னேறினர். தாமதமாகச் செய்யப்பட்டவர்களுள் அந்த அளவு முன்னேறியவர்கள் 8.8 விழுக்காட்டினரே. எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் என்று மேலே எழுதியிருக்கிறேன், நினைவிருக்கட்டும்.

கழித்தல் கணக்கு

இங்கே ஒரு சிறு கணக்கு. தண்டுவடத்திற்கு இரத்தத்தைத் தள்ளிவிடுவது தமனிகளின் சராசரி அழுத்தம். அதை எதிர்த்துத் தள்ளுவது தண்டுவடத்தின் உள்ளழுத்தம். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைப்பதே தண்டுவடத்திற்குள் இரத்தம் பாயும் அழுத்தம். கலைக் கல்லூரி மாணவர் எவரும் போடக்கூடிய கழித்தல் இது.

இரத்த அழுத்தம் 120க்கு 80 என்றால் இரண்டுக்கும் இடைவெளி 40. அதில் மூன்றில் ஒரு பங்கு ஏறத்தாழ 13. அதைக் கீழ் எண்ணோடு கூட்டினால் 93. இதுவே சராசரி அழுத்தம். உள்ளழுத்தம் 23 என்று வைத்துக்கொள்வோம், மிஞ்சுவது 70. வீக்கத்தால் உள்ளழுத்தம் 30 ஆகி, சராசரி இரத்த அழுத்தம் 60க்கு விழுந்துவிட்டால்? மிஞ்சுவது 30 மட்டுமே. தண்டுவடம் பட்டினி கிடக்கும்.

இரத்த அழுத்தம் ஏன் விழ வேண்டும்? இரத்தக் குழாய்களை இறுக்கமாக வைத்திருக்கும் நரம்புகளும் தண்டுவடத்தின் வழியாகத்தான் இறங்குகின்றன. கழுத்திலோ மேல் மார்பிலோ காயம் பட்டால் அந்தக் கட்டளை அறுந்துபோகிறது. குழாய்கள் தளர்கின்றன, இரத்த அழுத்தம் இறங்குகிறது, நாடித்துடிப்பும் குறையலாம். பகைவன் இருபுறமும் வருகிறான்: உள்ளே அழுத்தம் ஏறும், வெளியே அழுத்தம் இறங்கும்.

இதனால்தான் மருத்துவ வழிகாட்டிகள் இரத்த அழுத்தத்தைத் தாழவிடாமல் காக்கச் சொல்கின்றன. 2013இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி, சராசரி அழுத்தத்தை முதல் ஏழு நாள் 85 முதல் 90 வரை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2024இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி, 75 முதல் 80க்குக் குறையாமலும் 90 முதல் 95க்கு மேற்போகாமலும் மூன்று முதல் ஏழு நாள் காக்கலாம் என்று அதைத் தளர்த்தியது. அளவு மாறலாம், ‘அளந்து காப்பாற்று’ என்னும் கட்டளை மாறவில்லை. ஒரு காலத்தில் பெரிதும் நம்பிக் கொடுத்த ஸ்டீராய்டு ஊசிகூட, எல்லார்க்கும் கொடுக்க வேண்டிய மருந்து என்னும் நிலையை இழந்துவிட்டது. மந்திர மருந்து எதுவும் இன்று கையில் இல்லை. அசையாமை, விரைவு, அளவு ஆகிய மூன்றே உள்ளன.

“லண்டனுக்கு உரியது நமக்கெதற்கு?”

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, “லண்டனில் கருவி வைக்கிறார்கள், நம் ஊரில் படுக்கை கிடைத்தாலே பெரிது” என்றார். அவர் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இரண்டு மறுமொழிகள் சொல்வேன்.

முதலாவது: இந்தியாவில் நரம்பு அறுவைத் துறையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் அத்துறையைத் தொடங்கினார். 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். ‘நமக்கெதற்கு’ என்று அவர்கள் எண்ணியிருந்தால் இன்று என் சித்தப்பாவுக்கு அந்த மூன்றாம் நாள் அறுவையும் நடந்திருக்காது.

இரண்டாவது: அந்தக் கழித்தல் கணக்கில் எண்கள் இரண்டு. உள்ளழுத்தத்தை அளக்கத்தான் விலையுயர்ந்த கருவி வேண்டும். இரத்த அழுத்தத்தை அளக்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் சுற்றும் பட்டையே போதும்! பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை அதை எழுதி வைப்பதற்கும், எந்த விரல் அசைகிறது, எந்த இடம்வரை உணர்ச்சி இருக்கிறது என்று மணிக்கொருமுறை குறித்து வைப்பதற்கும் வேண்டியது ஒரு தாளும் ஒரு பேனாவும் ஓர் அக்கறையுள்ள செவிலியரும் அல்லவா? பெருவிரல் அசைந்ததை நான் பார்த்தேன், எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, எங்கும் எழுதப்படவில்லை. விலை மிகுந்த பாதியை ஆராய்ச்சியாளர் பார்த்துக்கொள்ளட்டும். விலை குறைந்த பாதியை நாம் ஏன் கோட்டை விட வேண்டும்?

மூன்று வேண்டுகோள்கள்

குறை கூறுவதோடு நின்றுவிட்டால் கட்டுரைக்குப் பயனில்லை. மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று நமக்கு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் சாலையோரம் துப்புரவு செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்லதுதான். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களிலும் மாந்தோப்புக் களங்களிலும் அடிபட்டவரைக் கையாளும் முறையையும் அதேபோல் கற்றுக்கொடுப்போம். முதலில் 108ஐ அழைக்க வேண்டும். 2008 முதல் தமிழ்நாட்டில் அந்த வண்டி ஓடுகிறது. அது வரும்வரை அடிபட்டவரை உட்கார வைக்கக் கூடாது. நடத்திப் பார்க்கக் கூடாது. தண்ணீர் புகட்டக் கூடாது. மூச்சு விடுகிறாரா என்று பார்த்து, ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து, தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்தால் போதும். வாந்தி எடுத்தாலோ, தீயும் போக்குவரத்தும் நெருங்கியதால் நகர்த்தியே தீரவேண்டி வந்தாலோ, நாலைந்து பேர் ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டு, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்க, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் ஒன்றாகப் புரட்ட வேண்டும். காவல் நிலையம், நீதிமன்றம் என்று அஞ்சத் தேவையில்லை. விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்கும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது மருத்துவமனைகளுக்கு. எங்கள் ஊருக்கு அருகில் போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்துள்ளது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாவட்டத்திற்கு அது பெரும் பேறு. முதுகில் அடிபட்டவர் எங்கே முதலில் போகவேண்டும், அங்கிருந்து தேவையானால் எங்கே, எத்தனை மணிக்குள் என்ற ஒரு தெளிவான வழித்தடம் எழுதப்பட்டு, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். பெங்களூரா சேலமா என்ற முடிவைக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தின் தலையில் சுமத்துவது நியாயமன்று.

மூன்றாவது அரசுக்கு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. எந்த மாநிலத்தவர் என்று பாராமல் தருவது அதன் சிறப்பு. அது சாலையில் அடிபட்டவருக்கான திட்டம். மரத்திலிருந்து விழுந்தவனின் தண்டுவடமும் அதே வேகத்தில்தானே வீங்குகிறது? அந்த 48 மணி நேரம் அவனுக்கும் உயிர்நாடி அன்றோ? மாங்காய் பறிப்பவனுக்கும், கிணற்றில் விழுந்தவனுக்கும், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவனுக்கும் அக்கதவு திறக்கப்பட வேண்டும்.

நாற்காலியில் அமர்ந்த அறுவை மருத்துவர்

எல்லாம் செய்தும் கால் திரும்பாமற் போகலாம். அப்போதும் கதை முடிவதில்லை என்பதை நம் பக்கத்து வேலூர் உலகுக்குக் காட்டியிருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்களின் இயக்கத்தை இழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டி வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், சிறுநீர்ப்பையில் அழுத்தம் ஏறிச் சிறுநீரகம் கெடாமல் காப்பதும்கூட இத்தகையோர் பாடுபட்டுக் கற்பித்த பாடங்களே. எங்கள் வீட்டில் சித்தி இன்று அந்தப் பாடங்களைக் கடிகாரம் பார்த்துச் செய்கிறார்.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தின் கூறுகளை நான்காக வகுக்கிறார். நோயுற்றவர் ஒருவர், தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகில் நின்று துணை செய்பவர் ஒருவர். மருத்துவரையும் மருந்தையும் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்திலும் மாந்தோப்பிலும் முதலில் வந்து நிற்பது அந்த நான்காமவர்தான். அவர் நீங்கள், நான், தேநீர்க் கடைக்காரர், லாரி ஓட்டுநர்.

வரும் வைகாசியிலும் எங்கள் தோப்புகளில் மாங்காய் பறிப்பார்கள். கிளை முறியலாம், நான் அங்கே இருக்கலாம். அப்போது கால்களைப் பிடிக்க மாட்டேன். தலைமாட்டில் மண்டியிட்டு அமர்வேன். பெருவிரல் அசைகிறதா என்று பார்த்து, மணியோடு எழுதி, வண்டியில் வருபவரிடம் கொடுப்பேன். நண்பர்களே, நீங்களும் தூக்குமுன் ஒரு நொடி நில்லுங்கள்.